எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

காலாட்படை பட்டாலியனில் விடிந்ததும் தயாராகும் முதல் காகிதம் பரேடு ஸ்டேட். ஒவ்வொரு கம்பெனியின் ஹவில்தார் மேஜரும் தன் ஆட்களை எண்ணி ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார். அவற்றையெல்லாம் கூட்டி ஒரே தாளாக்கி அட்ஜுடன்ட் மேசையில் வைப்பது கிளார்க்கின் வேலை. நான் அந்தக் கிளார்க். சிப்பாய் கிளார்க்காகச் சேர்ந்து ஹவில்தார் கிளார்க்காக வெளியே வந்தேன். என் சர்வீஸின் பெரும்பகுதி ஆட்களை எண்ணுவதிலேயே போனது.

எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்தத் தாளைக் காட்ட வேண்டும். மேலே அங்கீகரிக்கப்பட்ட பலம். ஒரு பட்டாலியனுக்குச் சுமார் 800 பேர். அதற்குக் கீழே போஸ்டட் பலம், அதாவது நம் ரோலில் உண்மையில் பெயர் உள்ளவர்கள். நான் பார்த்தவரை அது மேலே உள்ள எண்ணை எட்டியதே இல்லை. பிறகு கழித்தல் தொடங்கும். லீவில் போனவர்கள், கோர்ஸுக்குப் போனவர்கள், ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள், மெடிக்கல் கேட்டகரி இறங்கியவர்கள், வேறு ஹெட்குவார்ட்டருக்கு அனுப்பப்பட்டவர்கள், பழைய கன்டோன்மென்ட்டில் ஸ்டோரையும் குடும்பக் குவார்ட்டர்ஸையும் பார்த்துக்கொள்ள விடப்பட்ட ரியர் பார்ட்டி. இவ்வளவும் போக மிஞ்சுகிறவர்களிலும் லங்கரில் சமைக்க ஆள் வேண்டும், முகாமுக்குக் காவல் வேண்டும், டிரைவர் வேண்டும், வயர்லெஸ் செட்டில் உட்கார ஆள் வேண்டும், என்னைப் போல் தாள் எழுதவும் ஒருவன் வேண்டும். எல்லாம் போகக் கடைசியில் நிற்பவர்கள்தான் ரைபிளைத் தூக்கிக்கொண்டு இரவில் வெளியே போகக்கூடியவர்கள். 800 என்று தொடங்கிய தாள் 350 என்று முடிந்தால் அது நல்ல நாள்.

லீவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆனுவல் லீவ், 30 நாள் கேஷுவல் லீவ். எல்லாருக்கும் முறையாகக் கொடுத்தால் எந்த நாளிலும் நான்கில் ஒருவர் ஊரில் இருப்பார். லீவைப் பிடித்து வைத்தால் எண் ஏறும். ஆட்களின் மனம் இறங்கும். இரண்டையும் பார்த்துத்தான் பட்டாலியனின் தளபதியான சி.ஓ. முடிவெடுப்பார்.

என் அத்தா மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். லாரியில் லாட் வந்து இறங்கும்போது இத்தனை தோல் என்று ரசீதில் ஒரு எண் இருக்கும். அவர் ஒவ்வொரு தோலாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கத்தி பட்டது, உண்ணி கடித்தது, உப்பு சரியாக ஏறாதது என்று ஒதுக்கிக்கொண்டே வருவார். செலக்‌ஷன் முடிந்ததும் எக்ஸ்போர்ட்டுக்குத் தேறியது இவ்வளவு என்று இன்னொரு எண் வரும். ரசீதில் உள்ள எண்ணை நம்பி வெளிநாட்டு ஆர்டருக்குக் கையெழுத்துப் போடுகிற முதலாளி எங்கள் ஊரில் கிடையாது. ஒரு நாட்டின் தலைமையே அப்படிக் கையெழுத்துப் போட்டதை நான் 1987ல் பார்த்தேன்.

அந்த ஆண்டு ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே அமைதி காக்கும் படையாக 54ஆவது காலாட்படை டிவிஷன் மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் தலைமையில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கத் தொடங்கியது. அதற்கு மேல் ஒட்டுமொத்தத் தளபதி, தெற்குக் கட்டளைப் பகுதியின் லெப்டினன்ட் ஜெனரல் திபிந்தர் சிங். போராளிகளிடம் ஆயுதங்களைப் பெற்று வைப்பது, இரண்டு தரப்பையும் விலக்கி நிறுத்துவது, இதுதான் வேலை என்று எங்களுக்குச் சொன்னார்கள். சண்டை என்ற பேச்சே இல்லை. எங்கள் பட்டாலியனும் சமாதான காலத்து எண்ணிக்கையோடுதான் போனது. லீவில் இருந்தவர்கள் லீவிலேயே இருந்தார்கள். ரியர் பார்ட்டி பின்னால் நின்றது. கனமான ஆயுதங்களில் பலவற்றை எடுத்து வரவில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். தமிழ் பேசுகிற ஜவான் என்று தெரிந்தால் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். அந்தக் காரியத்துக்கு அந்த எண் போதும்.

ஆனால் காரியம் மாறியது. செப்டம்பர் 26ஆம் தேதி விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5ஆம் தேதி பலாலியில் இலங்கைப் படையின் பிடியில் இருந்த புலிகளின் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிரண்டு பேர் சயனைடு அருந்தி மாண்டார்கள். அதையடுத்துப் புலிகள் மீது படை நடத்துவது என்ற முடிவு டெல்லியில் கனிந்துவிட்டது. தாளில் இருந்த எண் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் இரண்டு தளபதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்த தமிழர். கூர்மையான மூளை, இந்தியப் படையை இயந்திரமயமாக்கியதில் பெரும்பங்கு அவருக்கு உண்டு. புலிகளை எவ்வளவு காலத்தில் அடக்க முடியும் என்று பிரதமர் கேட்டபோது, இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று நான்கு வாரம் என்று அவர் சொன்னதாக அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் பின்னாளில் எழுதினார். திபிந்தர் சிங்கின் கணிப்பு வேறு. பலத்தைப் பயன்படுத்தும் வழியில் இறங்கினால் பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒரு கிளர்ச்சியில் மாட்டிக்கொள்வோம் என்று தலைமைத் தளபதியிடம் சொன்னதாகவும், தோல்வி மனப்பான்மை வேண்டாம் என்று பதில் வந்ததாகவும் ஓய்வுக்குப் பின் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார்.

யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கைக்கு வந்தது உண்மைதான். போர் முடியவில்லை. நகரைப் பிடிக்க ஒரு எண்ணிக்கை போதும். பிடித்த நகரின் ஒவ்வொரு சந்தியிலும் இரவும் பகலும் நிற்கவும், ரோடு திறக்கவும், கான்வாய் நடத்தவும், காட்டுக்குள் தேடவும் அதைப்போல் பல மடங்கு வேண்டும். டெல்லியில் கேட்கப்பட்டது முதல் எண். இரண்டாவது எண்ணை யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை சாதாரண இந்தியனுக்குத் தெரியாது.

திட்டத்தில் இருந்த ஆட்களுக்கும் தரையில் இறங்கிய ஆட்களுக்கும் உள்ள வித்தியாசம் அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ரத்தமாகத் தெரிந்தது. புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டரில் 10ஆவது பாரா கமாண்டோ வீரர்களும் 13ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியும் இறங்குவதாக ஏற்பாடு. புலிகள் வயர்லெஸை ஒட்டுக் கேட்டுக் காத்திருந்தார்கள். சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியில் ஒரு பிளட்டூன், 30 பேர், மட்டும் இறங்க முடிந்தது. ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டதால் அடுத்த நடை வரவில்லை. 29 பேர் இறந்தார்கள்; ஒருவர் சிறைபட்டு உயிர் தப்பினார். அந்த முப்பது பேரின் பெயரையும் ஒரு கிளார்க் நாமினல் ரோலில், அதாவது பெயர்ப்பட்டியலில், எழுதிக் கொடுத்திருப்பார். பிறகு அதே பெயர்களுக்கு ஒவ்வொன்றாக, இறப்பைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் போட்டிருப்பார். என் கை செய்யும் வேலை அதுதான் என்பதால் அவரை நினைக்காமல் என்னால் இந்தச் சம்பவத்தைப் படிக்க முடிவதில்லை.

எங்கள் ஆபீஸ் அந்த வாரங்களில் கூரையில் ஓட்டை விழுந்த ஒரு பள்ளிக்கூட அறை. பரேடு ஸ்டேட் காலையில் ஒருமுறை என்பது போய், கேட்டபோதெல்லாம் என்று ஆனது. ‘காணவில்லை’ என்ற கட்டத்தில் பெயர் எழுதுவதுதான் கடினம். இறந்தார் என்று எழுத யாராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவனும் திரும்பாவிட்டால் பெயர் அந்தக் கட்டத்திலேயே நிற்கும். வீட்டுக்குத் தந்தி போகாது. எங்கள் ஹெட் கிளார்க் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்ப விடமாட்டார். “மையால எழுது. சந்தேகமா இருந்தா எழுதாதே, போய்க் கேட்டுட்டு வா” என்பார்.

ஒருநாள் மாலை பிரிகேடிலிருந்து ஒரு மேஜர் வந்தார். விடியற்காலையில் ஒரு கிராமத்தைச் சுற்றி வளைக்க எங்களிடமிருந்து ஒரு கம்பெனி வேண்டும். எந்தக் கம்பெனி என்று குறித்தே வந்திருந்தார். அவர் மேப்பில் அந்தக் கம்பெனி முழுசாக நின்றுகொண்டிருந்தது. சி.ஓ. சாப் என்னைக் கூப்பிட்டு, “பாபு, தாளைக் கொண்டா” என்றார். கொடுத்தேன். அவர் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்து மேஜரிடம் சொன்னார்: “நடக்கக்கூடியவர்கள் அறுபத்திரண்டு பேர். ஒரு கம்பெனிக்கான வேலையை இவர்களுக்குக் கொடுத்தால் வேலையும் நடக்காது, இவர்களும் திரும்ப மாட்டார்கள்.” மேஜர் அதை நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை. சி.ஓ. சாப் என்னை உட்கார வைத்து அதே வாக்கியத்தை டைப் அடிக்கச் சொல்லி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டு அவர் கையில் கொடுத்தார். மறுநாள் அந்த வேலைக்கு இன்னொரு பட்டாலியனின் ஆட்களும் சேர்த்து அனுப்பப்பட்டார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். ஒரு தளபதி உண்மையான எண்ணை உரிய நேரத்தில், உரிய ஆளிடம், எழுத்தில் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பிறகு பிரிகேட் பிரிகேடாக வந்து இறங்கினார்கள். 1988க்குள் நான்கு டிவிஷன்கள் ஆகிவிட்டன: யாழ்ப்பாணத்தில் 54, வவுனியாவில் 4, திருகோணமலையில் 36, மட்டக்களப்பில் 57. ஒரு டிவிஷனில் முடியும் என்று தொடங்கிய காரியம் நான்கு டிவிஷனுக்கு வளர்ந்தது. ஆக மொத்தம் எத்தனை பேர் இருந்தோம்? எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் ஒரு எண் இருக்கிறது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 70,000 என்பவர்கள் உண்டு, 80,000 என்பவர்கள் உண்டு, ஒரு லட்சம் என்றும் எழுதியிருக்கிறார்கள். தினமும் காலையில் என்னைப் போல் எத்தனையோ கிளார்க்குகள் எண்ணிக் கொடுத்த ஒரு படையின் மொத்தம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஊகமாக இருப்பதை நான் அந்தத் தாள்களை எழுதினவர்களுக்குச் செய்த அவமரியாதையாகவே பார்க்கிறேன்.

அப்போது லீவில் ஊருக்கு வந்தால் மேல்விஷாரம் என்னைப் பார்த்த பார்வையே மாறியிருந்தது. தமிழனைச் சுட தமிழனே போகிறானா என்ற கேள்வி தமிழ்நாடு முழுக்க இருந்தது. எங்கள் தெருவிலும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து டீக்கடையில் நிற்கும்போது எங்கள் பெரியத்தா முறையில் உள்ள ஒருவர் கேட்டார்: “ஏம்ப்பா, பேப்பர்ல ஒருநாள் ஒண்ணு போடறான். நெசமா எத்தன பேரு இருக்கீங்க அங்க?”

“அதைச் சொல்லக்கூடாது பெரியத்தா. சட்டம் இருக்கு.”

“புலிக்குத் தெரியுமா?”

நான் பேசாமல் இருந்தேன்.

“அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியக்கூடாது. வரி கட்றது நான். புள்ளைய அனுப்பறது நாங்க.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் லாரிகள் போகும் ரோட்டோரம் சைக்கிளோடு நிற்கும் பையன்கள் லாரியை எண்ணினார்கள். எங்கள் முகாமில் வாங்கும் காய்கறியை வைத்தே உள்ளே எத்தனை வாய் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். நாளை எந்த வழியாக எத்தனை பேர் போகிறார்கள் என்பது ரகசியம். அதை வெளியிட்டால் உயிர் போகும், வெளியிடக் கூடாது. ஆனால் இந்த வேலைக்கு மொத்தம் எத்தனை பேர் வேண்டும், எத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம், எத்தனை காலத்துக்கு என்பது நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் உரிய கணக்கு. எதிரிக்குத் தெரிந்ததை நம் ஆட்களிடம் மறைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

2021 டிசம்பரில் தரைப்படையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாக இருப்பதாகப் பாதுகாப்பு அமைச்சகமே நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அதனால் எல்லையில் எந்த வேலியும் சாய்ந்துவிடவில்லை. அப்படியானால் 1987லும் சொல்லியிருக்கலாம்.

நம் நாட்டில் தளபதியின் நேர்மை என்றால் எல்லாரும் முன்னாள் தலைமைத் தளபதி மானெக்‌ஷாவைச் சொல்வார்கள். 1971 ஏப்ரலில் படை தயாராக இல்லை, அவகாசம் வேண்டும் என்று இந்திரா காந்தியிடம் சொன்னதாக அவரே பலமுறை மேடையில் சொன்ன கதை அது. அந்த ஆண்டுப் போரில் வென்றோம், அதனால் கதை நிலைத்தது. திபிந்தர் சிங்கின் பேச்சை யாரும் மேடையில் சொல்வதில்லை. அவர் சொன்னது கேட்கப்படவில்லை, போரும் நமக்குச் சாதகமாக முடியவில்லை. என் அளவில் அவர் சொன்னதுதான் அதிகக் கனமானது. கேட்க விரும்பாதவர்களிடம் சொன்னார். ஆனாலும் நாட்டுக்கு அது நூலாக வந்தது 1990களில். ஹர்கிரத் சிங் தன் தரப்பை எழுதியது அதற்கும் வெகுகாலம் கழித்து. 54ஆவது டிவிஷனை அவருக்குப் பின் நடத்திய மேஜர் ஜெனரல் சர்தேஷ்பாண்டேயும் எழுதினார். மூன்று பேரின் புத்தகத்தையும் நான் தேடிப் படித்தேன். ஓய்வுபெற்ற பின் வரும் உண்மை வரலாற்றுக்கு உதவும். அக்டோபர் 1987ல் அந்தப் பள்ளிக்கூட அறையில் இருந்தவர்களுக்கு உதவாது.

பதவியில் இருக்கும்போதே வெளிப்படையாகச் சொன்னவரும் உலகத்தில் உண்டு. 2003 பிப்ரவரி 25ஆம் தேதி, ஈராக் போருக்குச் சில வாரங்கள் முன்பு, அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜெனரல் எரிக் ஷின்செகியிடம் செனட் குழு கேட்டது: போருக்குப் பிறகு ஈராக்கைக் காக்க எத்தனை பேர் வேண்டும்? சில லட்சம் பேர் என்றார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் அந்த மதிப்பீடு கொஞ்சமும் பொருந்தாதது என்று மறுத்தார். 2006 நவம்பரில் அந்தப் பகுதியின் தளபதி ஜெனரல் ஜான் அபிசெய்த் அதே செனட் குழு முன் உட்கார்ந்து ஷின்செகி சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் எத்தனை உயிர்கள். வியட்நாமில் இன்னும் மோசம்: 1968ல் அங்கிருந்த அமெரிக்கத் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் தரப்பு இன்னும் 2,06,000 பேர் கேட்ட செய்தி நியூயார்க் டைம்ஸ் வழியாக வெளியான பிறகுதான் அமெரிக்க மக்களுக்கே போரின் அளவு புரிந்தது. ஆனால் அமெரிக்காவில் கேட்க ஒரு குழு இருந்தது, கேள்விக்குச் சீருடையோடு வந்து பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது. நம் தலைமைத் தளபதியை 1987 அக்டோபரில் எந்த எம்.பி.யும் வெளிப்படையான கூட்டத்தில் உட்கார வைத்து, எத்தனை பேர் வேண்டும் என்று கேட்கவில்லை.

என் தாளில் இல்லாத ஒரு கட்டத்தையும் சொல்ல வேண்டும். அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எந்தப் பட்டாலியனின் எந்தத் தாளிலும் அவர்களுக்கு ஒரு வரிசை கிடையாது. ஆள் போதாத படை அச்சத்தோடு சுடும். அது செய்ததற்கு மன்னிப்பு இல்லை. ஆனால் போதாத ஆட்களோடு நெருக்கடியான ஊருக்குள் அனுப்புகிறவர்கள் அந்தப் பொறுப்பில் பங்கு ஏற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னையில் முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் நிலைப்பாடு அவருக்கு. இறங்கியவர்களில் பலர் அவருடைய மாநிலத்துப் பிள்ளைகள் என்பது எங்களுக்கு. ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. மூவாயிரம் பேருக்கு மேல் காயம்பட்டார்கள். படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் எங்கள் வேலூர்ப் பக்கம் உண்டு: கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை என்ற ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கும் ஊர். எங்கள் பாலாற்றங்கரையில் அப்படிப் பல ஊர்கள்.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. அதில் பதித்த கல்லில், 1914–18 பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று செதுக்கியிருக்கிறது. நம்மை அடிமையாக வைத்திருந்த அரசு அந்த இரண்டு எண்ணையும் சந்தையின் நடுவில் எல்லாரும் படிக்க வைத்தது. சுதந்திர நாட்டின் படையில் போன எங்களுக்கு, எத்தனை பேர் போனோம் என்ற எண் இன்னும் இல்லை. இறந்தவர்களின் பெயர்கள் டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில் உள்ளன. அது பாதிக் கணக்கு.

2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை ஏற்றது: போர் நாட்குறிப்புகள் உள்ளிட்ட பதிவுகள் சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். இலங்கைப் படை நடவடிக்கைக்கு அந்த 25 ஆண்டு 2015லேயே முடிந்துவிட்டது. வேலூர், அரக்கோணம், திருவண்ணாமலை எம்.பி.க்கள் மூவரும் இதை மக்களவையில் கேட்க வேண்டும். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை மாதவாரியாக எத்தனை பேர் அங்கே இருந்தார்கள், தளபதிகள் எத்தனை பேர் வேண்டும் என்று எழுதினார்கள், எத்தனை பேர் கொடுக்கப்பட்டார்கள்: இந்த மூன்று வரிசைகளையும் வெளியிடச் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் நாமும் மனு போடலாம். அதன் 8ஆம் பிரிவைக் காட்டி மறுக்கலாம். மறுத்தாலும் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் போருக்கு ஆள் அனுப்பிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மனு போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் மேல்விஷாரத்துக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.